ஓரிரு இடங்களில் மிதமான மழை

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவில் இல்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் இன்னும் கையில் குடையோடு வெளியே கிளம்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாசலைத் தாண்டுவதற்குள் எங்கிருந்தோ ஒரு குரல் வரும்: "குடை எதுக்கு? இன்னிக்கு மழை கிடையாது." சரி என்று மறுநாள் வெறுங்கையோடு கிளம்பினால் அதே குரல், "என்ன, குடை எடுத்துக்கலயா?" என்று கவலைப்படும். சம்பளமில்லாத வானிலை நிபுணர் என்ற இனம் இது. வானிலை ஆய்வு மையத்துக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, ராடார் இருக்கிறது, படித்த ஆட்கள் இருக்கிறார்கள். இவருக்கு ஒரு பால்கனியும் ஒரு கைப்பேசியும் இருக்கின்றன. போதாதா?

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். "மழை வரும்" என்று சொல்பவர் இந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் சாதாரண மனிதர், அவரை நம்பித் துணியை எடுத்து உள்ளே போடலாம். நம்முடைய ஆள் அப்படிச் சொல்ல மாட்டார். "கீழடுக்கு சுழற்சி ஒண்ணு உருவாகியிருக்கு, அது வலுவிழந்து மறுபடியும் வலுப்பெற வாய்ப்பிருக்கு, அதனால ஓரிரு இடங்கள்ல லேசானது முதல் மிதமானது வரை எதிர்பார்க்கலாம்" என்பார். அந்த வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். அதில் எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டும் பிறகு அவரிடம் நியாயம் கேட்க முடியாது. மழை பெய்தால், சொன்னேனே என்பார். பெய்யாவிட்டால், ஓரிரு இடங்கள் என்றுதானே சொன்னேன், அந்த ஓரிடம் உங்கள் இடம் இல்லை என்பார். இரண்டு பக்கமும் வாசல் வைத்த வீடு அது. எந்தப் பக்கம் துரத்தினாலும் மறுபக்கம் வெளியே போய்விடுவார்.

கடுங்கோடையில் இவரை யாரும் மதிப்பதில்லை. வெயில் அடிக்கும் என்று சொல்ல ஒரு நிபுணர் எதற்கு? கொட்டுகிற மழைக்காலத்திலும் அப்படித்தான். அவருக்கென்று வாய்த்த மாதம் செப்டம்பர். கோடை போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்கும். குளிர், வரலாமா வேண்டாமா என்று தெருமுனையில் நிற்கும். காலையில் போர்வை கேட்கும், மத்தியானம் சட்டை ஒட்டும், மாலையில் கறுப்பாக மேகம் திரண்டு வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடும். யாருக்கும் எதுவும் நிச்சயமில்லாத மாதம். அப்படிப்பட்ட மாதத்தில் நிச்சயமாகப் பேசுகிற ஒருவர் இருந்தால் அவரைச் சுற்றிக் கூட்டம் சேராதா?

எங்கள் குடியிருப்பில் சேர்ந்தது. எங்கள் நிபுணருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. எங்களுக்கு அது மறந்துவிட்டது. யாராவது படிக்கட்டில், "நேத்து நல்ல மழை" என்று சொல்லிவிட்டால் போதும், அவர் நின்று, அனுதாபத்தோடு நம்மைப் பார்த்து, "நல்ல மழையா? பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்பார். நமக்கே வெட்கமாக இருக்கும், இந்தப் பன்னிரண்டை வைத்துக்கொண்டா நனைந்தோம் என்று. ஒருமுறை அவருடைய மனைவிக்குக் காய்ச்சல். அக்கம்பக்கத்தார் விசாரித்தபோது, "இயல்பை விட ரெண்டு டிகிரி கூடுதல், படிப்படியா குறையும்" என்று பதில் சொன்னார். குறைந்தது. அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

குளிர்சாதனப் பெட்டிகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் நிறுவனத்தில் அவர் கொள்முதல் அதிகாரி. அலுவலகம் தரைமட்டத்துக்குக் கீழே. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையில் இறங்கினால் மாலையில் ஏறும்வரை வெளியே வெயிலா, மழையா, பகலா என்றுகூடத் தெரியாத அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எங்கள் வட்டாரத்து வானத்தை அவர் நிர்வாகம் செய்தார். தினமும் காலையில், குளிக்கப் போகிற நேரத்தில், குடியிருப்புக் குழுவில் எல்லாருடைய கைப்பேசிக்கும் அவருடைய அறிக்கை வந்துவிடும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, மேகத்தின் குணம், கடைசியில் தவறாமல் "பதற்றம் வேண்டாம்" என்ற ஒரு வரி. அதைப் படித்த பிறகுதான் நாங்கள் பதறுவோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் வெப்பமானி, படுக்கையறையில் ஈரப்பதமானி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கண்ணாடிக் குழாய் வைத்த மழைமானி, பால்கனியில் ஒரு நீளக் கம்பியும் அதன் நுனியில் காற்றின் திசை காட்டும் தகர அம்பும். அந்தப் பால்கனியில் துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுவதும், வருகிறவர்களிடமெல்லாம் "வலிக்காதுங்க" என்று சொல்வது வேலை. ஆகவே முன்னறிவிப்புகளின் மதிப்பு என்ன என்பது அவருக்குத் தெரியும். கைப்பையில் எப்போதும் மடக்குக் குடை இருக்கும். கணவரிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்தவர்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். நின்றதா?

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்தது. மேல் மாடியில் குடியிருப்பவர் தையல்காரம்மா. கணவர் இல்லை, ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கூடத்திலேயே இரண்டு மெஷின்கள் போட்டு, நாடகக் குழு, நடனப் பள்ளி, பாட்டுக் கச்சேரி என்று மேடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் உடை தைத்துக் கொடுக்கிறார். அவர் வீட்டுக் கூரையில் முதலில் ஒரு வட்டக் கறை வந்தது. பிறகு அது தேசப்படம் மாதிரி பரவியது. "தலைக்கு மேல எப்ப விழுமோன்னு பாத்துக்கிட்டே ஊசியில நூல் கோக்கறேன்" என்று அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் முறையிட்டு முறையிட்டு, ஒரு வழியாகச் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் கூடியது. பழைய தளத்தை உடைத்தெடுத்துவிட்டு, நீர் கசியாத பூச்சுப் பூசி, மேலே புது ஓடு பதிப்பது என்று முடிவாயிற்று. மேஸ்திரியும் வந்திருந்தார். "எனக்கு ஒரு வாரம் காஞ்ச வெயில் வேணும். உடைச்ச தளத்துல தண்ணி விழுந்தா அவ்வளவுதான், நேரா கீழதான் போகும்" என்றார்.

எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மில்லிமீட்டர் அந்த நேரத்துக்காகவே பிறந்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

"இப்ப வேண்டாம்" என்றார். "தாழ்வு நிலை ஒண்ணு உருவாகிட்டு வருது. இந்த ரெண்டு வாரமும் பரவலா மழை இருக்கு. கை வெச்சீங்கன்னா மாட்டிக்குவீங்க."

தையல்காரம்மா, "வெயில் நல்லா அடிக்குதே சார்" என்றார்.

"அதுதாம்மா அறிகுறி" என்றார் மில்லிமீட்டர்.

இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? வேலை தள்ளிவைக்கப்பட்டது.

பிறகு அடித்தது பாருங்கள் ஒரு வெயில். கம்பிக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. தொட்டிச் செடிகள் தலை தொங்கின. மேஸ்திரி தினமும் வந்து மாடியில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். காலை அறிக்கைகள் மட்டும் தவறவில்லை. தாழ்வு நிலை நகர்கிறது என்றது ஒன்று. திசை மாறுகிறது என்றது அடுத்தது. தாமதமாகிறது, ஆனால் உறுதி என்றது இன்னொன்று. தாமதமாக வரும் ரயிலுக்கு நிலைய அதிகாரி மன்னிப்புக் கேட்பது போல அவர் அந்த மழைக்காக எங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தார். லிஃப்டில் ஏறும்போது செயலாளர் கேட்டார்: "மழை எந்த மாடி வரைக்கும் வந்திருக்கு சார்?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மில்லிமீட்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் லிஃப்டை விட்டு, படி வழியாக நடந்துதான் போனார்.

ஒரு மனிதரைத் திட்டலாம், தாங்கிக்கொள்வார். நிபுணரைப் பார்த்துச் சிரித்தால் தாங்க மாட்டார். மூன்றாவது வாரம் அறிக்கையின் தொனியே மாறிவிட்டது. ஓரிரு இடங்கள் இல்லை, வாய்ப்பிருக்கிறது இல்லை. "தாழ்வு நிலை முற்றிலும் கலைந்தது. மாதக் கடைசி வரை வறண்ட வானிலையே நிலவும். மாடி வேலையைத் தாராளமாகத் தொடங்கலாம். நான் பொறுப்பு" என்று எழுதியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கம் மட்டும் வாசல் வைத்த வாக்கியம். அதைப் படித்ததும் எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "முட்டி வலிக்குது சார், மழை வரும் போலிருக்கு" என்றார். அந்த முழங்காலின் வரலாறு எங்களுக்குத் தெரியும். வேறு எங்காவது வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் அது தவறாமல் வலிக்கும். "உங்க முட்டி போன மாசமும் வலிச்சுது, அதுக்கு முந்தின மாசமும் வலிச்சுது" என்று செயலாளர் அதட்டினார். தையல்காரம்மாதான் கடைசியாகக் கேட்டார்: "எதுக்கும் ஒரு தார்ப்பாய் வாங்கி வெச்சுக்கலாமா?"

"தார்ப்பாயா? எதுக்கும்மா, வெயில் ஒழுகாம இருக்கவா?" என்றார் மில்லிமீட்டர்.

இப்போது அவருடைய முறை. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். தார்ப்பாய் வாங்கவில்லை.

புதன்கிழமை தளத்தை உடைத்தார்கள். கட்டடமே பல் பிடுங்கப்படுவது போல அதிர்ந்தது. வியாழக்கிழமை மத்தியானம் வரை வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. மாலையில் காற்று நின்றது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் எங்கோ தூரத்தில் யாரோ மேசை நாற்காலிகளை இழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வந்தது. லேசானது கிடையாது, மிதமானதும் கிடையாது. மூன்று வாரமாகத் தாமதமான அத்தனை ரயிலும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குள் நுழைந்தது போல.

நான் மேலே ஓடியபோது தையல்காரம்மாவின் கதவு திறந்தே கிடந்தது. கூரையில் விளக்குக்கு விட்ட ஓட்டை வழியாக ஒரு தாரை, மின்விசிறிக் கம்பி வழியாக இன்னொன்று, பழைய கறை இருந்த இடம் முழுவதும் சல்லடை. கூடத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில், சனிக்கிழமை நடன விழாவுக்காகத் தைத்து முடித்த உடைகள் வரிசையாகத் தொங்கின. வெள்ளை அங்கி, கீழே அகலமாக நீலப் பட்டை. எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, நீலம் இறங்கி வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கத்தவில்லை, அழவில்லை. ஒவ்வொரு உடையாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் வாளியோடு ஓடி வந்தார். நான் பாத்திரம் எடுத்தேன். அவரவர் வீட்டிலிருந்து குடம், அண்டா, குப்பைக்கூடை என்று கையில் கிடைத்ததோடு வந்து சேர்ந்தார்கள்.

அப்போதுதான் மில்லிமீட்டர் அலுவலகத்திலிருந்து வந்தார். உச்சி முதல் பாதம் வரை நனைந்திருந்தார். குடை இல்லை, எப்படி இருக்கும்? அன்றைய அறிக்கையை எழுதியவரே அவர்தானே. திறந்திருந்த கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மாடிப்படியில் பாய்ந்து ஏறினார். பாவம், மனுஷருக்குச் சுட்டிருக்கிறது, ஏதாவது போட்டு மூடத்தான் போகிறார் என்று நினைத்தேன். செயலாளரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "பாத்து சார், வழுக்கும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். கையில் மழைமானியின் கண்ணாடிக் குழாய். கூடத்து வாசலில் நின்று, அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

"நாப்பத்திரெண்டு. இன்னும் ஏறும்."

  அவர் முகத்தில் அப்போது இருந்தது மகிழ்ச்சி அல்ல என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. "மாச ஆரம்பத்துலயே நான் சொன்னேன்ல, மழை இருக்குன்னு? தேதிதான் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்றார்.

தையல்காரம்மா தோளில் கிடந்த ஈரத் துணிகளைக் கீழே வைத்தார். மில்லிமீட்டரின் அருகில் போய் அந்தக் குழாயை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார். அதிலிருந்த நாற்பத்திரண்டு மில்லிமீட்டரையும் பக்கத்திலிருந்த வாளியில் கவிழ்த்தார். நிரம்பியிருந்த வாளியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இதையும் சேத்து ஊத்திட்டு வாங்க சார்."

அவர் ஊற்றிவிட்டு வந்தார். அடுத்த வாளியையும் ஊற்றினார். அதற்கு அடுத்ததையும். மழை விடும்வரை படியேறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு வாளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. இதற்குள் அவர் மனைவி வேலையிலிருந்து, மடக்குக் குடையின் கீழ், ஒரு சொட்டுப் படாமல் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எல்லாத்தையும் எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்கம்மா, எங்க கூடம்தான் பெருசு" என்றார். பால்கனியிலிருந்த நீளக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். மில்லிமீட்டர் தயங்கினார்.

"என்னங்க, அந்த அம்பு இதுவரைக்கும் எதுக்காவது உதவுச்சா? இன்னிக்கு உதவட்டும்."

கம்பி கூடத்தின் குறுக்கே கட்டப்பட்டது. வெப்பமானியும் ஈரப்பதமானியும் அலமாரி உச்சிக்குப் போயின. நடன உடைகள் மின்விசிறிகளின் கீழ் வரிசையாகத் தொங்கின. நாங்கள் எல்லாரும் ஈரக் காலோடு சுவரோரமாக நின்றோம்.

தையல்காரம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் நீலம் இறங்கியிருந்தது. "சனிக்கிழமை காலைல குடுத்தாகணும்" என்றார். "இப்பவே எல்லாத்தையும் மறுபடி அலசிப் போட்டா, நாளைக்கு நல்ல வெயில் இருந்தா, கறை தெரியாம தேத்திடலாம். வெயில் இல்லன்னா ஈரத்தோட நாத்தம் புடிச்சு இருக்கறதும் போயிடும். அலசறதா, விட்டுடறதா?" இதைச் சொல்லிவிட்டு நேராக மில்லிமீட்டரைப் பார்த்தார். கேலி இல்லாத பார்வை. "சொல்லுங்க சார். நாளைக்கு வெயில் வருமா?"

அவர் கைப்பேசியை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். அம்பு இருந்த இடத்தைப் பார்த்தார், அது இல்லை. திரும்பி வந்து கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"தெரியாதும்மா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. அவர் மனைவிகூடத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்ன மனிதரை எல்லாரும் பாராட்டினோம் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார், இந்த நேரத்துல தெரியாதுன்னா எப்படி? ஒரு சதவீதமாவது சொல்லுங்க" என்றார். "ஐம்பது வெச்சுக்கலாமா?" என்று பேரம் பேசினார். எங்களுக்கெல்லாம் நிஜமாகவே கலக்கமாக இருந்தது. தப்பாகச் சொன்னால்கூடத் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். இப்போது அதுவும் இல்லை. நாற்காலி காலியானால் சும்மா இருக்குமா? மழையில் மாட்டிக்கொண்டு எங்களோடு தங்கிவிட்ட மேஸ்திரி முழங்காலை நீட்டி, "இப்ப வலி இல்ல, வெயில்தான்" என்றார். ஒருமுறை பலித்த முழங்கால், அதற்கு இப்போது தனி மரியாதை. செயலாளர், மழைக்கு மறுநாள் எப்போதும் வெயில்தான், தான் சின்ன வயதிலிருந்து கவனித்திருப்பதாகச் சொன்னார். "காத்து இந்தப் பக்கமிருந்து அடிச்சா நிச்சயம் வெயில்" என்று ஒரு குரல் ஆணித்தரமாகக் கேட்டது. என் குரல். எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது.

தையல்காரம்மா எங்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, யாருக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், தன் வீட்டிலிருந்து நீலச் சாயப் பொட்டலங்களை எடுத்து வந்தார். பாதி நீலமானதை வெள்ளையாக்க வெயில் வேண்டும். எல்லாவற்றையும் நீலமாக்க வெயில் எதற்கு? மில்லிமீட்டரின் குளியலறையில் பெரிய அண்டாவில் சாயம் கரைந்தது. அங்கிகள் முழுகி, வெளிர் நீலமாக எழுந்து, மின்விசிறிக்குக் கீழ் போயின. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு இஸ்திரிப் பெட்டி சூடானது. மில்லிமீட்டர் விடுப்புப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்து மேசையில் தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். நடுவில் ஒருமுறை, "பருத்திக்கு எவ்வளவு டிகிரி வெக்கணும்?" என்று கேட்டார். "டிகிரி வேணாம் சார். கருகாம இருந்தாப் போதும்" என்றார் தையல்காரம்மா. அன்றைக்கு வெயில் வந்ததா என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நேரம் வந்தது, கொஞ்ச நேரம் போனது. யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நடன ஆசிரியை வந்தார். உடைகளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "நான் வெள்ளைன்னுல்ல சொல்லியிருந்தேன்?"

"மேடை விளக்குல வெள்ளை கண்ணைக் கூசும்மா. உங்க பிள்ளைங்க முகமே தெரியாது. நீலம்தான் எடுப்பா இருக்கும், நீங்க வேணா பாருங்க" என்றார் தையல்காரம்மா. என்ன ஒரு உறுதி. எனக்குப் பழக்கமான தொனிதான் அது. ஆனால் இவர் தானே தைத்ததைப் பற்றிச் சொன்னார். ஆசிரியை ஒரு அங்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், "ஆமாம், இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போனார். விழாவில் கைதட்டல் பலமாக இருந்ததாகக் கேள்வி.

மில்லிமீட்டர் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். சில நாள் அறிக்கை வரவில்லை. தார்ப்பாய் அவர் செலவில் வந்தது. அது வந்த பிறகு, சொல்லவே வேண்டாம், ஒரு சொட்டு விழவில்லை. மேஸ்திரி நிம்மதியாகப் பூசி முடித்தார். அந்தச் சில நாளும் எங்கள் நிலைமைதான் பரிதாபம். காலையில் கைப்பேசியைப் பார்ப்போம், ஒன்றும் இருக்காது. ஜன்னலைத் திறந்து நாங்களே வானத்தைப் பார்ப்போம். அதைப் பார்த்து என்ன புரியும்? இரண்டாவது மாடியில் ஒருவர் வெயிலில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு போனார். செயலாளர் லிஃப்டில் மில்லிமீட்டரைப் பார்த்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா? குழுவில ஒண்ணுமே போடறதில்ல?" என்று கனிவாக விசாரித்தார். அந்தக் கனிவுதான் வினை.

மாதக் கடைசி நாள் காலையில், குளிக்கப் போகிற நேரத்தில், கைப்பேசி சிணுங்கியது.

"செப்டம்பர் மாத வட்டார வானிலைச் சுருக்கம். சராசரி வெப்பநிலை: இயல்பு. மொத்த மழையளவு: இயல்பை ஒட்டியே. (ஒரு நாள் மாலை அளவு மட்டும் தவிர்க்க முடியாத காரணத்தால் முழுமையாகக் கிடைக்கவில்லை.) மொத்தத்தில் அசாதாரணமாக எதுவும் நிகழாத மாதம். பதற்றம் வேண்டாம்."

மூன்று வாரம் வறுத்தெடுத்து, ஒரே மாலையில் எல்லாவற்றையும் கொட்டி, ஒரு பெண்ணின் வீட்டுக் கூரையைச் சல்லடையாக்கிய மாதம் அது. கூட்டி வகுத்துப் பார்த்தால் இயல்பாம்.  யார் முதலில் பதில் போடுவது என்று எல்லாரும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தையல்காரம்மாதான் போட்டார்.

"சராசரியாப் பாத்தா நானும் நனையல சார். மாசம் பூரா காஞ்சுதான் இருந்தேன்."

சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவ்வளவுதான், ஆள் ஒழிந்தார் என்று நினைத்தேன். அப்போது அதே தையல்காரம்மாவிடமிருந்து இன்னொரு வரி வந்தது.

"அது போகட்டும். அக்டோபர் முதல் வாரம் எப்படி இருக்கும்? நாடகக்காரங்க துணி காயப்போடணும்."

பதில் வரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. கீழடுக்கு சுழற்சி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

ஆகவே இந்த இனம் அழியாது. நாம் கேட்கிறோம், அவர்கள் சொல்கிறார்கள். நாம் நனைகிறோம், திட்டுகிறோம், துவட்டிக்கொண்டு வந்து மறுபடியும் கேட்கிறோம். நீங்கள் ஒருபோதும் அப்படி இல்லை என்கிறீர்களா? நல்லது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பினீர்களே, அதில் தப்பில்லை. கண் இருந்தால் பார்க்கத்தான் செய்யும். பார்த்ததும் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தீர்களே, அதிலும் தப்பில்லை. ஆனால் அந்த முடிவைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுக்கிறதே, அங்கேதான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர் உங்களிடம் கேட்கவில்லை.